அசையாதேயும் பதினாலு நாய்களும்

உயிரோடு இருக்கிறவர்களை மட்டுமல்ல, செத்துப்போனவர்களையும் மூன்று எண்ணி முடிக்கும்வரை ஆடாமல் அசையாமல் வைத்திருக்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருத்தர்தான் இருந்தார். அவர் வில்லியனூர்க் கடைத்தெருவில், எங்கள் பாத்திரக் கடைக்கு அடுத்த கடையில், போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிச் சமையல் குறிப்புக்குப் போய்விடலாம். எனக்கு வருத்தமில்லை.

அவருடைய கேமரா மூன்று கால் ஸ்டாண்டில் நிற்கும் பெரிய மரப்பெட்டி. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டும்போது ஒரு துரையிடம் வாங்கியது என்பார். கருப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பார், வெளியே வருவார், லென்சின் மூடியைக் கழற்றுவார், ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுவார், மூடுவார். அதற்குள் எதிரில் இருப்பவர் பெருமூச்சு விட்டால்கூடப் படம் கலங்கிவிடும். அதனால் மூடியைக் கழற்றுவதற்கு முன்னால் "அசையாதே!" என்று ஒரு கத்து கத்துவார் பாருங்கள், எங்கள் கடையில் அடுக்கி வைத்த தவலையெல்லாம் கிண்ணென்று அதிரும். மணப்பெண், ஹெட்மாஸ்டர், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற சொல்தா என்கிற சிப்பாய், யாராக இருந்தாலும் அதே "அசையாதே"தான். ஒரு அதிகாரி ஒருமுறை கோபித்துக்கொண்டார். இவரோ, "மரியாதி எல்லாம் மூணு எண்ணி முடிச்சப்பறம் சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி துணிக்குள் போய்விட்டார். பெற்றவர்கள் வைத்த பேர் என்னவோ, ஊருக்கு அவர் அசையாதே. எனக்கு மட்டும் அண்ணன்.

செத்தவர்கள் கதைக்கு வருகிறேன். அப்போதெல்லாம் பெரியவர்கள் யாராவது போய்விட்டால் பிணத்தை நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, குடும்பமே சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். அபிஷேகப்பாக்கத்தில் ஒரு பெரிய விவசாயி காலமானார். அண்ணன் போனார். ஸ்டாண்டை நிறுத்தினார். துணிக்குள் பார்த்துவிட்டு வெளியே வந்து, பழக்க தோஷம், நேராகப் பிணத்தைப் பார்த்து விரலை நீட்டி, "அசையாதே!" என்று கத்தினார். ஒப்பாரி சட்டென்று நின்றது. மாமனார் அசைந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்த மூத்த மருமகன் கள்ளி வேலியைத் தாண்டிக் குதித்து ஓடியவர், கரிக்கலாம்பாக்கம் போய்த்தான் நின்றாராம். படம் என்னவோ அற்புதமாக வந்தது, மருமகன் நின்ற இடம் மட்டும் காலி.

ஆனால் அவருடைய அசல் புகழ், மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பெண் படத்தில். பின்னால் குளமும் இரண்டு அன்னங்களும் வரைந்த திரை, பக்கத்தில் சாந்துத் தூண், தூண்மேல் பூ ஜாடி. பெண்ணுக்குத் தன் கையாலேயே பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுப்பார். அதெல்லாம் சும்மா முன்னுரை. உண்மையான வேலை அதற்கப்புறம், நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கூர்மையான பென்சிலால் டச் பண்ணுவாரே, அதில்தான். அம்மைத் தழும்பு போய்விடும். சப்பை மூக்குக்கு மேடு வந்துவிடும். மாறுகண் நேர்கண் ஆகிவிடும். கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்த பெண்ணைப் பார்த்து, "படத்துல இருந்த பொண்ணு எங்க?" என்று கேட்ட மாமியார்களை எனக்கே தெரியும்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு நாய் என்றால் நடுக்கம். பாகூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போனபோது, துணிக்குள் தலை இருக்கிற நேரம் பார்த்து ஒரு நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. போட்டவர் அங்கே ஆஸ்பத்திரியில் இருந்த நர்சம்மா. நல்ல உயரம், உயரத்துக்கு மேல் குரல். அன்றிலிருந்து அண்ணன் தெருவில் நாயைப் பார்த்தால் எங்கள் கடைக்குள் பாய்ந்து கவிழ்த்து வைத்த அண்டாமேல் ஏறி நிற்பார். நர்சம்மாவைப் பார்த்தால் இரண்டு கையாலும் சட்டையை இழுத்து வயிற்றை மூடிக்கொள்வார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம். ரிட்டயர்டு ஆகி உறுவையாற்றில் இருந்த அந்த நர்சம்மா ஒருநாள் காலையில் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார்.

"இன்னாபா, தொப்புள் எப்படி கீது?"

அண்ணன் வயிற்றைப் பொத்திக்கொண்டார். "நல்லா கீதும்மா."

"என் புள்ளைங்க பதினாலு பேரு குடோன்ல கீறாங்க. போகிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டான் குடோன்காரன், புது நெல்லு வருதாம். காலி பண்ணாட்டி நாய் வண்டிக்கு ஆள் அனுப்புவானாம். வண்டியில ஏறின நாய் திரும்பி வந்து நான் பாத்ததில்ல."

விஷயம் எனக்குத் தெரியும். லாரியில் அடிபட்டது, வெந்நீர் ஊற்றப்பட்டது, வெட்டுப்பட்டது என்று ரோட்டில் கிடக்கிற நாயையெல்லாம் அள்ளிக்கொண்டு போய், முன்பு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை அடுக்கிய பழைய குடோனில் வைத்துக் கட்டுப்போட்டுத் தையல் போட்டுப் பிழைக்க வைத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மாள். ஊரே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும், மனுஷனுக்கே மருந்து கிடைக்காத காலம்.

"அதுக்கு நான் இன்னாம்மா பண்ணணும்?"

"பதினாலையும் இழுத்துகினு ஊர் ஊரா போயி யாராண்ட காட்டுவேன்? படம் எடுத்து உன் கண்ணாடிப் பெட்டியில மாட்டு. யாருக்கு எது புடிக்குதோ வந்து கூட்டிகினு போவட்டும். மூக்கில்லாத பொண்ணுக்கெல்லாம் மாப்ள புடிச்சிக் குடுத்தியே, என் புள்ளைங்களுக்கு ஒரு வூடு புடிச்சிக் குடுக்க மாட்டியா?"

"அம்மா, நாயாச்சேம்மா..."

"உனுக்குப் போட்டது பதினாலு ஊசி. என்னாண்ட கீறது பதினாலு நாய். ஊசிக்கு ஒரு நாய். அவ்ளோதான்."

அண்ணன் தலையாட்டினார். என் பக்கமும் திரும்பினார் நர்சம்மா. "தம்பி, சொம்புல பேர் வெட்ற இல்ல? நாய்க்குப் பித்தள பட்டை வெட்டிக் குடு. ஒரு பக்கம் நாய் பேரு, இன்னொரு பக்கம் போற வூட்டு பேரு. தொலைஞ்சா வூடு போய் சேரணும்." நானும் தலையாட்டினேன். எனக்கு ஒரு ஊசிகூடப் போட்டதில்லை, இருந்தாலும் தலை தானாக ஆடியது.

மறுநாள் இரண்டு மாட்டு வண்டிகளில் பதினாலு நாய்களும் வில்லியனூருக்குள் நுழைந்தன. அந்தக் காட்சியை என்னவென்று சொல்ல! எங்கள் தெரு நாய்கள் எல்லாம் வண்டிக்குப் பின்னால் குரைத்துக்கொண்டு வர, அதற்குப் பின்னால் பள்ளிக்கூடம் போக வேண்டிய கூட்டமெல்லாம் வர, தேர் இழுக்கிற நாளில்கூட அவ்வளவு சத்தம் கேட்டிருக்காது. அண்ணன் இரண்டு முழங்காலிலும் சாக்கைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ஒரு கையில் விரித்த குடை. ஸ்டூடியோவுக்குள்ளே!

நர்சம்மா ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தார். எல்லாம் ஆஸ்பத்திரிப் பேர்கள். செம்பழுப்பாக இருந்தது டிங்சர். வெள்ளையாக, வால் அறுந்துபோயிருந்தது பஞ்சு. குண்டாக இருந்தது குளுக்கோஸ். கடைசியாக, சாம்பல் நிறத்தில், ஒல்லியாக, நாலு காலும் நாலு திசைக்குப் போகப் பார்க்கிற ஒன்று வண்டியிலிருந்து குதித்தது.

"இது ஸ்பிரிட்டு. மூடியத் திறந்தா காணாமப் போயிடும், அதான்."

அண்ணனுக்கு ஒரு வழிதான் தெரியும். பெண்ணை எப்படி எடுப்பாரோ அப்படியே நாயையும் எடுத்தார். அதே அன்னத் திரை, அதே தூண், அதே பூ ஜாடி. குடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பவுடர் பஞ்சை நீட்டி முகத்தில் ஒற்றினார். குளுக்கோஸ் அந்தப் பஞ்சைத் தின்றுவிட்டது. இன்னொன்று திரையிலிருந்த அன்னத்தைப் பார்த்து அரை மணி நேரம் குரைத்தது. சாந்துத் தூணைக் கண்டதும் எல்லா ஆண் நாய்களும் வரிசையாகச் செய்த காரியத்தைப் பத்திரிகையில் எழுத முடியாது. தவலையைக் கரண்டியால் தட்டி அவற்றைக் கேமரா பக்கம் திரும்பிப் பார்க்க வைப்பது என் வேலை. நான் டங்கென்று தட்டுவேன், அண்ணன் "அசையாதே!" என்று கத்துவார். நம்ப மாட்டீர்கள், பதின்மூன்று நாய்களும் சிலை மாதிரி நின்றன. அந்தக் குரலுக்கு அப்படி ஒரு சக்தி.

பதினாலாவதுதான் ஸ்பிரிட். "அசையாதே" என்று கேட்டதும் அதற்கு அப்படி ஒரு சந்தோஷம். தன்னை விளையாடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்ததோ என்னவோ, எம்பிக் குதித்து, ஒரு சுற்றுச் சுற்றி, கருப்புத் துணிக்குள் புகுந்துவிட்டது. அது எங்கே போயிற்று என்று பார்க்கத் தலையை விட்ட அண்ணன் உள்ளே ஏற்கனவே இருந்தார். துணி ஒரு நிமிஷம் கொதிக்கிற உலைமூடி போல் ஆடியது. பிறகு "அய்யோ தொப்புளு!" என்று ஒரு அலறல். ஏழு முறை எடுத்தும் கழுவிப் பார்த்தால் தூணுக்குப் பக்கத்தில் ஒரு புகைதான் தெரிந்தது.

"என் சர்வீஸ்ல பொணம்கூட என் பேச்சக் கேட்டுச்சி தம்பி," என்றார் அண்ணன், அழாத குறையாக.

மற்ற பதின்மூன்று படங்களை நாலு நாள் உட்கார்ந்து டச் பண்ணினார். எதை எதை டச் பண்ணினார் என்று அப்போது எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. ஷோகேசில் மணப்பெண்களை எடுத்துவிட்டு நாய்களை மாட்டினார். கீழே பேரும், ஞாயிற்றுக்கிழமை உறுவையாறு குடோனுக்கு வந்து கூட்டிப் போகலாம் என்ற அறிவிப்பும் எழுதியது நான். அடடா, ஒவ்வொன்றும் ராஜா வீட்டு நாய் மாதிரி இருந்தது! சந்தை நாளில் கூட்டம் ஷோகேசை மொய்த்தது. கடற்கரைப் பக்கமிருந்து தினமும் தலையில் கூடையோடு வருகிற மீன்காரம்மா ஒருத்தி டிங்சர் படத்துக்கு முன்னால் நின்று நாக்கைச் சப்புக் கொட்டினாள்.

"எங்க கப்பலாட்டமே கீதுபா. அடமழையில காணாமப் போயிட்டான். ஆனா எங்க கப்பலுக்கு ஒரு காது தூண்டி முள்ளு மாட்டிக் கிழிஞ்சிபோச்சி. இதுக்கு ரெண்டு காதும் முழுசா கீதே." கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போனதும் அண்ணன் என் தோளைத் தட்டினார். "பாத்தியா தம்பி! நெசக் காதுன்னே நெனைச்சிட்டா!"

நானும் சிரித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் மண்டையில் இருந்தது மூளைதானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை உறுவையாறு குடோன் வாசலில் சைக்கிளும் வண்டியுமாகத் திருவிழாக் கூட்டம். கரும்புக் கொல்லைக்குக் காவல் நாய் வேண்டுமென்று ஒருத்தர், மோட்டார் கொட்டாய்க்கு வேண்டுமென்று ஒருத்தர். நானும் அண்ணனும் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிற தோரணையில் நின்றோம். நர்சம்மா கதவைத் திறந்து நாய்களை வெளியே விட்டார்.

முதலில் வாயைத் திறந்தவர் கரிக்கலாம்பாக்கத்துக்காரர் ஒருத்தர்.

"பஞ்சுன்னு படத்துல இருந்துச்சே, அது எங்க?"

"இதான்," என்றார் நர்சம்மா.

"இதுக்கு வால் எங்க?"

"இதுக்கு எப்பவும் வால் கெடையாதே!"

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் குடையைப் பார்த்தார். "அது வந்து... பொண்ணுக்கு சவுரி வெச்சி எடுக்கறதில்லையா? அந்த மாதிரிதான். வாலுக்கு சவுரி."

"யோவ்! சவுரிய நம்பி மூணு கல்லு சைக்கிள் மெரிச்சி வந்தனா நானு?"

அவ்வளவுதான். இந்தக் கண் குருடாச்சே, படத்தில் இரண்டு கண் இருந்ததே. இந்தக் கால் நொண்டியாச்சே. முதுகில் இத்தனை பெரிய வழுக்கை ஏது. நாயைப் பார்த்து யாருக்கும் கோபமில்லை, எல்லாக் கோபமும் படத்தின்மேல். ஏமாற்றினால் யாருக்குத்தான் பிடிக்கும்? அரை மணியில் ஒரு சைக்கிள்கூட மிச்சமில்லை. ஒரு நாய்கூடப் போகவில்லை.

அதுவரை ஷோகேஸ் பக்கமே வராத நர்சம்மா மறுநாள் நேராக வந்து அதற்கு முன்னால் நின்றார். ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"இது யாரு?"

"டிங்சரும்மா," என்றேன் நான். அண்ணன் உள்ளே தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"டிங்சருக்கு ரெண்டு காதா? இது யாரு, குளுக்கோசா? அதோட வவுத்துல நான் போட்ட தையல் எங்க?" நர்சம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒவ்வொரு தையலா உக்காந்து போட்டேன்பா. எது பொழைக்கும் எது போவும்னு தெரியாம போட்டேன். எல்லாத்தையும் பென்சிலால அழிச்சிட்டியே. என் புள்ளைங்க மூஞ்சி எனக்கே தெரியலியே."

அவர் போன பிறகு அண்ணன் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார். பென்சிலை எடுத்தார், அதன் கூரைப் பார்த்தார், வெளியே வந்து சாக்கடையில் போட்டார். வெள்ளைக்காரன் ஊரிலிருந்து வந்த பென்சில், அவருக்கு உயிர். "தம்பி, போகிக்கு இன்னும் எத்தினி நாளு?" என்றார்.

"ஆறு நாளு."

"ஸ்டாண்ட எடு."

இந்த முறை திரையும் இல்லை, தூணும் இல்லை, பவுடரும் இல்லை. உறுவையாறு குடோன் வாசலில், வெயிலில், மண்ணில். நின்று எடுத்தால் நாய் குட்டையாகத் தெரிகிறது என்று ஸ்டாண்டின் காலை மடக்கி, சாக்குக் கட்டோடு குப்புறப் படுத்துவிட்டார் மனிதர். நாய்க்கு நாய் உயரத்தில்! தழும்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பச் சொன்னார். பஞ்சுவை வால் இல்லாத பக்கமாக உட்கார வைத்தார். தையல் இருந்தால் தையலுக்கு நேராக லென்ஸ். வெயிலில் ஒன்று எண்ணினாலே போதும், சாயங்காலத்துக்குள் பதின்மூன்றும் முடிந்தது.

மறுபடி ஸ்பிரிட். "அசையாதே!" என்று கத்தி மூடியைக் கழற்றியதுதான் தாமதம், ஸ்பிரிட் பாய்ந்து வந்து அவர் கையிலிருந்த லென்ஸ் மூடியைக் கவ்விக்கொண்டு ஓடியது. துரை கொடுத்த மூடி, உலகத்தில் வேறு கிடையாது. அண்ணன் எழுந்தார். குடையை எறிந்தார். சாக்கு ஒரு காலில் அவிழ்ந்து இழுபட, நாயைத் துரத்திக்கொண்டு ஓடினார். நாயைப் பார்த்தால் அண்டாமேல் ஏறுகிற மனிதர், நாயைத் துரத்துகிறார்! வரப்புமேல் அது ஓட, பின்னால் இவர் ஓட, "மூடிடா! டேய் என் மூடிடா!" என்று கத்த, நடவு வயலில் வேலை செய்துகொண்டிருந்த பெண்களெல்லாம் நிமிர்ந்து நின்று கைதட்ட, வாய்க்கால் திருப்பத்தில் கால் வழுக்கித் தொபுகடீரென்று சேற்றில் விழுந்தார். நானும் நர்சம்மாவும் ஓடிப் போய்ப் பார்த்தோம். மல்லாக்கக் கிடந்தார். ஸ்பிரிட் அவர் வயிற்றின்மேல், ஊசி போட்ட இடத்திலேயே, நாலு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தது. மூடியை அவர் நெஞ்சில் வைத்துவிட்டு முகத்தை நக்கியது.

"கடிக்குதா அண்ணே?"

"இல்ல தம்பி," என்றார், கண்ணை மூடிக்கொண்டே. "டச் பண்ணுது."

பென்சில் படாத பதின்மூன்று படங்களும் மறுநாள் ஷோகேசுக்கு வந்தன. கிழிந்த காது கிழிந்தபடி, குருட்டுக் கண் குருடாக. யாரும் கிட்டே வரவில்லை. தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அப்போது மீன்காரம்மா வந்தாள். வழக்கம்போல ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நொடி தலையிலிருந்த கூடை தெருவில் கவிழ்ந்தது.

"கப்பலு! ஐயோ, என் கப்பலுடா!"

வௌவால் மீனும் சங்கராவும் ரோடெல்லாம் துள்ள, கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து அழுகிறாள். "இந்தக் காது! எங்க வூட்டுக்காரரு தூண்டியில மாட்டின காது! அன்னிக்கி இதே எடத்துல வேற நாய காட்டினியே அண்ணே!"

அண்ணன் முகத்தில் அப்போது ஓடியதை நான் பார்த்தேன். அவர் வரைந்த அந்த ஒரு காது, இத்தனை நாளும் அந்த நாயை அதன் வீட்டுக்குப் போகவிடாமல் வைத்திருந்தது. சைக்கிளை எடுத்தார், அவளைப் பின்னால் உட்காரச் சொன்னார், மிதித்தார். பின்னால் நான் ஒரு சைக்கிள், எனக்குப் பின்னால் கடைத்தெருவில் பாதி.

குடோன் வாசலில் அவள் இறங்கி "கப்பலு" என்று ஒரே ஒரு முறைதான் கூப்பிட்டாள். டிங்சர் என்று நாங்கள் கூப்பிட்டபோதெல்லாம் அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டு கிடந்த நாய், உள்ளே பத்துப் பதினைந்து மூட்டைகளைத் தாண்டிப் பாய்ந்து வந்து அவள் மடியில் விழுந்தது. அவள் சிரிக்கிறாள், நாய் அழுகிறது. நான் சொல்வது அப்படியே நடந்தது. நர்சம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மருந்து நெடி, கண்ணெல்லாம் எரியுது" என்றார். அன்றைக்கு அங்கே மருந்து பாட்டிலே திறக்கவில்லை.

கூட்டத்தில் பழைய கரிக்கலாம்பாக்கத்துக்காரரும் இருந்தார். கப்பலின் கிழிந்த காதைப் பார்த்தார், பஞ்சுவின் அறுந்த வாலைப் பார்த்தார். "இது வால எதனாண்ட வுட்டுச்சி?"

"பன்னியாண்ட," என்றார் நர்சம்மா. "ஆனா பன்னி செத்துப்போச்சி."

"அத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? என் கரும்புக் கொல்லையில பன்னித் தொல்ல தாங்கல. வால் எவனுக்கு வேணும்?"

அதோடு மடை திறந்துவிட்டது. ஒவ்வொரு தழும்புக்கும் நர்சம்மா கதை சொன்னார். ஒவ்வொரு தழும்பும் ஒரு சர்டிபிகேட் ஆனது. நான் உளியும் சுத்தியலுமாகக் குடோன் வாசலிலேயே உட்கார்ந்து பட்டை வெட்டினேன். பஞ்சு, கரிக்கலாம்பாக்கம். குளுக்கோஸ், அபிஷேகப்பாக்கம். கையெல்லாம் கொப்புளம். போகிக்கு முந்தின நாள் பதின்மூன்றும் போய்விட்டன.

ஸ்பிரிட் மட்டும் நின்றது. படம் இல்லாத நாயை யாரும் கேட்கவில்லை. நேரில் பார்த்தவர்களோ, "ஒரு எடத்துல நிக்காத நாயி காவலுக்கு இன்னாத்துக்கு?" என்று போய்விட்டார்கள். போகியன்று காலையில் நெல் வண்டிகள் குடோன் வாசலில் வரிசையாக நின்றன. நாய் வண்டியும் ஒரு ஓரமாக வந்து நின்றது. குடோன்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். பதினாலு நாய்க்கென்று பெரிய கூண்டு.

"ஒண்ணுதான் கீது, புடிச்சிகினு போங்க," என்றார் குடோன்காரர்.

நர்சம்மா ஸ்பிரிட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் இருந்தது ஒண்டுக் குடித்தனம். நாய் கூடாது என்பது வீட்டுக்காரர் கண்டிஷன். எங்கள் வீட்டிலோ என் கூடப்பிறந்த அண்ணன் மனைவி, அதாவது என் அண்ணி, நாயென்றால் சாமியாடுவார். அப்போது சைக்கிள் மணி விடாமல் அடிக்கிற சத்தம் கேட்டது. வந்தது நம் அசையாதே! கூண்டுக்காரன் சுருக்குக் கயிறோடு நாயை நெருங்குகிறான், அண்ணன் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு விரலை நீட்டிக் கத்தினார்.

"அசையாதே!"

கூண்டுக்காரன் அசையவில்லை. நெல் வண்டி மாடுகள் அசையவில்லை. குடோன்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். ஸ்பிரிட் மட்டும் எம்பிக் குதித்து ஓடி வந்து அவர்மேல் ஏறியது.

"இது என் ஸ்டூடியோ நாயி," என்றார் அண்ணன். "நர்சம்மா, பதினாலு படம் குடுக்கறதா பேச்சு. பதின்மூணுதான் குடுத்துருக்கேன். இதோட படம் ஒயுங்கா வியற வரிக்கும் என்னாண்டயே இருக்கட்டும். படம் வியுந்த அன்னிக்கி நல்ல வூடா பாத்து நீங்களே குடுத்துடுங்க."

நர்சம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வாக்கு?"

"வாக்கு."

நான் அங்கேயே பட்டை வெட்டினேன். ஒரு பக்கம் ஸ்பிரிட். மறுபக்கம் அசையாதே வீடு.

எட்டு வருஷம்! எட்டு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் படம் எடுக்கப் பார்த்தார். நான் தவலையைத் தட்டுவேன், அவர் கத்துவார், அது குதிக்கும், படம் விழாது. அந்த எட்டு வருஷத்தில் வில்லியனூர் வட்டாரத்தில் எடுத்த பெண் படங்களை எடுத்துப் பாருங்கள், பெண்ணின் காலடியில் சாம்பல் நிறத்தில் ஒரு புகை தெரியும். மாப்பிள்ளை வீட்டார் சாம்பிராணி என்று நினைத்துக்கொண்டார்கள். பெண்களின் தழும்புகளும் அப்படியே இருந்தன. அதற்காக எந்தக் கல்யாணமும் நின்றதாகத் தெரியவில்லை. "இந்த வாரமும் வியலியா?" என்று நர்சம்மா கேட்பார். "அடுத்த வாரம் நிச்சயம்மா" என்பார் அண்ணன், இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி.

ஒரு மாசி மாதம், நெஞ்சு வலி என்று உட்கார்ந்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. கல்யாணம் காட்சி இல்லாத மனிதர், தெருதான் சொந்தம். நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டோம். டவுனிலிருந்து ஒரு பையன் பளபளவென்று புதுக் கேமராவோடு வந்தான். நர்சம்மா விடவில்லை. "அவனோட பெட்டியிலயே எடு," என்றார். அந்தப் பையன் ஸ்டாண்டை நிறுத்தி, மூடியைக் கழற்றுவதற்கு முன் எங்களைப் பார்த்தான். யாராவது ஒரு கத்து கத்துவார்கள் என்று எல்லோரும் காத்திருந்தோம். கத்துகிறவர் நாற்காலியில் இருந்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு.

இரண்டு நாள் கழித்துப் படத்தைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "எல்லாரும் அழுது குலுங்கிட்டீங்க சார். நீங்க, நர்சம்மா, எல்லாம் கலங்கிப்போச்சி. ரெண்டே பேருதான் தெளிவா வியுந்துருக்காங்க. டச் பண்ணி சரி பண்ணட்டுமா?"

"கைய வெக்காத. அப்படியே குடு," என்றேன்.

அண்ணன் தெளிவாக இருந்தார். அவர் காலடியில், ஒவ்வொரு மயிரையும் எண்ணுகிற மாதிரி, நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு ஸ்பிரிட் உட்கார்ந்திருந்தது.

நர்சம்மா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "படம் வியுந்துடுச்சி தம்பி," என்றார். "வாக்குப்படி இனிமே நல்ல வூடா பாத்துக் குடுக்கணும்."

"பாத்தாச்சிம்மா," என்று சொல்லி நான் கயிற்றை வாங்கிக்கொண்டேன். வீட்டில் அண்ணி சாமியாடவில்லை, சோற்றைப் பிசைந்து வைத்தார். பட்டையில் வீட்டுப் பேரை மாற்ற வேண்டுமே என்று ஒருநாள் உளியைக்கூட எடுத்தேன். ஆயிரம் குடத்தில் பேர் வெட்டின கை, அதை மட்டும் அழிக்க வரவில்லை. எங்கள் வீட்டில் இருந்த நாலு வருஷமும் ஸ்பிரிட் கழுத்தில் அசையாதே வீடு என்றுதான் இருந்தது.